மொரிஸ் மைனரின் இடது மட்கார்ட்: நெளிவைப் படித்த பின் செய்த கருவிகள்

வண்டி 1961ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. நான்கு கதவு, 948 சீசீ எஞ்சின். உரிமையாளர் ஹட்டனுக்குப் பக்கத்தில் தோட்டப் பாடசாலையொன்றில் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் சேர். தலவாக்கலையிலிருந்து நானுஓயாப் பக்கம் ஏறும் பாதையில், பகலிலேயே லைட் போட்டுக்கொண்டு போக வேண்டிய அளவுக்குப் பனி இறங்கியிருந்தது. வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம் கொடுக்க சேர் இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறார். மலைப் பக்கத்துக் கருங்கல் கட்டு முன் மட்கார்டை உரசி இழுத்துவிட்டது. ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை. வண்டியும் தன் காலிலேயே எங்கள் கராஜுக்கு வந்து சேர்ந்தது.

நான் வெல்டிங் வேலை செய்பவன். தகட்டு வேலை முழுவதும் எங்கள் டிங்கர் பாஸின் பொறுப்பு. தகப்பனிடமே தொழில் கற்றவர். நான் பக்கத்தில் நின்று நெருப்பையும் கிரைண்டரையும் பார்த்துக்கொண்டேன். இந்த வண்டிக்காக நாங்கள் செய்த கருவிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், அவற்றின் வடிவத்தை நாங்கள் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அந்த நெளிவே சொன்னது. சுத்தியல், டொலி (தகட்டின் மறுபக்கத்தில் தாங்கிப் பிடிக்கும் கனமான இரும்புக் கட்டி) என்று ஒரு செட்டை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு நெளிவைப் பார்ப்பவர்கள்தான் இப்போது அதிகம். பாஸ் எப்போதும் முதலில் தகட்டைப் படிப்பார். கருவி பிறகுதான்.

அடி விழுந்த இடம்

ஹெட்லைட் வளையத்துக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, மட்கார்டின் பின் ஓரம் வரை கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளம். ஆழமான இடத்தில் 4 சென்ரிமீட்டர் இருக்கும். பள்ளத்தின் அடியில் கல்லின் கூர் விளிம்பு கீறிய கோடு. பள்ளத்துக்கு மேலே, கல் படாத இடத்தில், தகடு முகடாக எழும்பி நின்றது. சக்கர வளைவின் ஓரத்தில் உள்ள மடிப்பு உள்ளே சுருண்டு டயரைத் தொடும் நிலையில் இருந்தது. முன் கதவின் கீழ்ப் பகுதியில் இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஆழமில்லாத ஒரு சொட்டை.

இதில் கல் நேரடியாகத் தொட்டது கீறல் கோட்டை மட்டும்தான். மேலே எழும்பிய முகடு, தகடு இடம் தேடி ஒதுங்கிய விளைவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்தான் எடுத்தவுடன் பள்ளத்தின் அடியில் போட்டு அடிப்பார். தகடு மடங்கிய கோட்டில் ஏற்கெனவே இறுகிப் போயிருக்கும். இரும்பை மடக்கினால் மடங்கிய இடம் முன்பைவிடக் கெட்டியாகிவிடும்; கம்பியை வளைத்து மறுபடி நிமிர்த்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இறுகிய இடத்தில் அடித்தால் அது அசையாது, சுற்றியிருக்கும் மென்மையான தகடுதான் நீளும். நீண்ட தகட்டுக்குப் போக இடமில்லாமல் புதிதாக ஒரு புடைப்பு கிளம்பும். பழைய காயத்தோடு புதுக் காயம்.

வேலையைத் தொடங்கும் முன் உடம்பைப் பார்த்தோம். மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்பே தாங்குகிறது. ஆகவே முன்பக்கம் தள்ளுப்பட்டிருந்தால் மட்கார்டை மட்டும் சரிசெய்து பயனில்லை. பொனட்டைத் திறந்து நூல் பிடித்துக் குறுக்கு மறுக்காக அளந்தோம். கதவு இடுக்கு மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா, கதவு தூக்காமல் மூடுகிறதா என்று பார்த்தோம். எல்லாம் சரி. கல் வண்டியை முட்டவில்லை, வழித்துக்கொண்டுதான் போயிருக்கிறது.

1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த இந்தக் கார், பிரிட்டனில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் கார். டிங்கர்களுக்கு அதில் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு: மட்கார்டுகள் நான்கும் போல்ட்டில் நிற்கின்றன. தகடுகளுக்கு இடையில் பைப்பிங் என்கிற ரப்பர் நாடா. போல்ட்டுகளைக் கழற்றினால் மட்கார்ட் கையோடு வந்துவிடும். இரண்டு பக்கமும் கை போகும். கழற்றுவதுதான் பாடு. மலைநாட்டு ஈரத்தில் அறுபது வருடம் நின்ற போல்ட்டுகள். எண்ணெய் விட்டு ஊற வைத்து, அசையாதவற்றுக்கு நட்டைச் சூடாக்கி, பொறுமையாக எடுத்தோம். போல்ட் உடைந்தால் உள்தகட்டில் பற்ற வைத்திருக்கும் நட்டும் போய்விடும் என்பதால் இந்த இடத்தில் அவசரம் கூடாது.

பட்டி ஏன் வேண்டாம் என்றோம்

சேர் எங்களிடம் வருமுன் வேறொரு கராஜில் காட்டியிருக்கிறார். பள்ளத்தில் துளைகள் போட்டு, கொக்கி மாட்டி வெளியே இழுத்து, மிச்சத்துக்குப் பட்டி (பூசியதும் இறுகும் பசை) போட்டு நிரப்பிவிடலாம், இரண்டு நாள் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். சேர் அதை எங்கள் பாஸிடம் கேட்டார். பாஸ் சொன்ன பதில் இது:

“போடலாம் சேர். ரெண்டு மழைக்கு நிக்கும். மூணாவது மழைக்கு அப்புறம் கட்டியா எடுத்து உங்க கையில குடுப்பேன்.”

அதில் மிகை இல்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம்; அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தகடு காய்ந்து கிடக்கும் நாட்கள் குறைவு. தென்மேற்குப் பருவ மழை ஓய்ந்தாலும் பனி விடாது. போட்ட துளைகளின் பின்பக்கம் திறந்தே இருப்பதால், டயர் அடிக்கும் தண்ணீர் அதன் வழியே பட்டியின் முதுகுக்குப் போகிறது. துரு தகட்டுக்கும் பட்டிக்கும் நடுவில் வளர்ந்து பட்டியைத் தூக்கிவிடும். குளிரில் பட்டி இறுகுவதும் மந்தம். இறுக வேண்டும் என்று கடினமாக்கியைக் கூட்டிக் கலந்தால் பிறகு வெடிக்கும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக, மூடிய தகட்டின் மேல், பிரைமரோடு போட்டால் பட்டியும் நல்ல பொருள்தான். குழியை நிரப்ப அதை நம்பக்கூடாது.

வேறொரு மட்கார்ட் தேடுவது இன்னொரு வழி. கொழும்புப் பக்கத்தில் விசாரித்தபோது கிடைத்தது சேருடையதைவிட மோசமாகத் துருப்பிடித்தது. எங்கள் நாட்டில் பழைய கார்கள் இத்தனை உயிரோடு இருப்பதற்கே காரணம், புதியவை வராத காலங்கள். 1960களிலும் 1977 வரையிலும் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி அநேகமாக அடைபட்டுக் கிடந்தது. 2020 மார்ச்சில் மறுபடி நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். அந்த நெருக்கடிகளில்தான் எங்கள் டிங்கர்கள் தகட்டைத் தாங்களே அடித்துப் பழகினார்கள். இந்த மட்கார்டின் தகடு ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர், இப்போதைய கார்களில் வருவதைவிடத் தடிப்பு. மென்மையான இரும்பு. அடி வாங்கவும் திரும்பி வரவும் அதில் இடம் இருக்கிறது. அதை அறுத்து எறிவது எனக்குச் சம்மதமில்லை, பாஸுக்கும் இல்லை.

என்னென்ன செய்தோம்

பாஸிடம் ஏற்கெனவே சில சாமான்கள் உண்டு. தகப்பன் காலத்துத் தண்டவாளத் துண்டு ஒன்று கராஜில் கிடக்கிறது. அதன் தலை மிக லேசான குவிவுள்ளது, தட்டையான தகடுகளுக்கு அருமையான டொலி. (இன்று அப்படி ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் தேடாதீர்கள். அது ரயில்வேயின் சொத்து, வாங்கியவரும் மாட்டுவார்.) ஆனால் மைனரின் மட்கார்ட் தட்டையானதல்ல. ஹெட்லைட்டைச் சுற்றிப் பந்துபோல் உருண்டு, பின்னால் போகப் போக ஆறி, கதவுக்குக் கிட்டத்தில் ஏறக்குறைய தட்டையாகிவிடுகிறது. ஒரே டொலி இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. டொலியின் குவிவு தகட்டின் குவிவைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் டொலியின் ஓரங்கள்தான் தகட்டைத் தொடும், நடுவில் இடைவெளி நிற்கும், ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பிறை வடுக்கள் விழும்.

அதனால் முதலில் சேதமில்லாத வலது மட்கார்டின் வடிவத்தைப் படி எடுத்தோம். இதற்கு நான் பயன்படுத்தியது பழைய தேயிலைப் பெட்டிப் பலகை. தேயிலை இப்போது காகிதச் சாக்கில் போகிறது. ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பழைய பெட்டிகள் இன்னும் அலுமாரியாகவும் கோழிக் கூடாகவும் இருக்கின்றன. அந்த ஒட்டுப்பலகை மெல்லியது, வாளுக்கு இலேசானது, ஈரத்துக்கு வளையாது. மட்கார்டில் ஐந்து இடங்களில் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பலகையை வெட்டி, உரசி, வெளிச்சம் புகாத அளவுக்குப் பொருத்தினோம். அதே பலகையைத் திருப்பிப் பிடித்தால் இடது பக்கத்துக்கு அளவு. பாடி வேலையில் இதுபோலப் பயன்தரும் மலிவான சாமான் வேறு எனக்குத் தெரியாது.

இந்தப் பலகைகளைப் பார்த்துத்தான் டொலியை உரசினோம். மூலப்பொருள் 4 இறாத்தல் சம்மட்டியின் தலை. பிடி உடைந்து கிடந்தது. சம்மட்டி அடித்துச் செய்த நல்ல எஃகு, கைக்கு அடக்கம், எடை 1.8 கிலோ. டொலி சுத்தியலைவிடப் பல மடங்கு கனமாக இருந்தால்தான் அடியை வாங்கித் திருப்பித் தரும். ஒரு முகத்தை ஹெட்லைட் பக்கத்துக் குவிவுக்கு உரசினோம், மறு முகத்தை நடுப்பகுதிக்கு. பக்க ஓரங்களில் ஒன்றை உருட்டி, ஒன்றைக் கூர்மை போகும் அளவுக்கு மட்டும் தட்டிவிட்டோம். கிரைண்டரில் பிடிக்கும்போது நீல நிறம் ஏறினால் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம்; அடிக்கடி தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். கடைசியில் எமரி 120, 240, 400 என்று இறங்கி, முகம் கண்ணாடியாகும் வரை தேய்த்தோம். தேய்ப்பது அழகுக்காக அல்ல. முகத்தில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் ஒவ்வொரு அடியிலும் தகட்டில் அச்சாகும். மலிவாக விற்கும் செட்டுகள் சிலவற்றில் முகம் கரடாகவே வருகிறது. வாங்கினாலும் இந்த வேலையைச் செய்துதான் தீர வேண்டும்.

சக்கர வளைவின் மடிப்புக்குச் சம்மட்டித் தலை நுழையாது. அங்கே லொறியில் கழற்றிப் போட்ட கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) ஒன்று உதவியது. ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் விட்டம், மேற்பரப்பு இறுக்கப்பட்ட எஃகு, எடை ஒரு கிலோ அளவு. தேய்ந்த பகுதியைச் சுத்தம் செய்து முனைகளை உருட்டியதோடு சரி.

இனி ஸ்லாப்பர். என் கணக்கில் இந்த வேலையின் நாயகன் இதுதான். சுத்தியல் ஒரு புள்ளியில் அடிக்கிறது. ஸ்லாப்பர் அகலமாகத் தட்டுவதால் அடி பரவுகிறது, தகடு நீளாமல் இறங்குகிறது. முகடுகளை இறக்க அதற்கு நிகரில்லை. சிறிய லொறியின் ஸ்பிரிங் பட்டையில் அதைச் செய்தோம்: 6 சென்ரிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் தடிப்பு, 40 சென்ரிமீட்டர் நீளம். பட்டை இயல்பாகவே வளைந்திருக்கிறது. அதன் வெளி வளைவை முகமாக எடுத்துக்கொண்டால் தேவையான குவிவு இலவசமாகக் கிடைக்கிறது. பிடியை மட்டும் மேலே தூக்கி வளைக்க வேண்டும், விரல் முட்டி தகட்டில் இடிக்காதபடி.

அதற்கு நெருப்பு வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி அடித்துக் கொடுக்கும் ஆசாரியிடம் போனோம். தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்யும் கத்திக்கு ஸ்பிரிங் பட்டையின் குணம் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே எங்களைவிட அவருக்கு அந்த எஃகு பழக்கம். கிரைண்டரில் தொட்டுத் தீப்பொறியைப் பார்த்தார். சாதாரண இரும்பின் பொறி நீளமாக ஓடி அணையும். கரி கூடின எஃகின் பொறி பூவாகச் சிதறும். தலையாட்டினார். சிரட்டைக்கரி அடுப்பில் பட்டையை வைத்து, காந்தம் ஒட்டாத சூடு வந்து, அதற்கும் கொஞ்சம் மேலே போய் நிறம் ஆரஞ்சுப் பக்கம் திரும்பியதும் பிடியை வளைத்தார். காந்தம் விடுவது 770 பாகை அளவில். அடுப்படியில் வெப்பமானி இல்லாதவருக்கு அதுவே அளவுகோல்.

நான் தண்ணீரில் போடவா என்று கேட்டேன்.

“கத்தின்னா வாய்க்குத் தண்ணி காட்டணும் தம்பி. இது தட்டுற சாமான். சாம்பல்லயே ஆறட்டும்” என்றார் ஆசாரி.

சாம்பலில் புதைத்து இரவெல்லாம் ஆற விட்டோம். இறுக்கிய பட்டை கடினமாக இருந்தாலும் உடையும் அபாயம் உண்டு. மெல்லிய மென்தகட்டைத் தட்டுவதற்கு அந்தக் கடினம் தேவையில்லை. ஆறியதும் முகத்தை உரசி மெருகேற்றினோம். பிடிக்குப் பழைய சைக்கிள் டியூப் சுற்றினோம்.

இதே பட்டையின் மிச்சத்தில் கதவுக்காக ஒரு நீளக் கரண்டி: 60 சென்ரிமீட்டர், முனையை 4 மில்லிமீட்டருக்கு அடித்து மெலித்து, கொஞ்சம் வளைத்தது. சுத்தியல்கள் இரண்டும் 300 கிராம் உருண்டைத் தலைச் சுத்தியல்கள். ஒன்றின் முகத்தை லேசான குவிவுக்கு உரசி ஓரக் கூர்மையை எடுத்தோம். மற்றதன் உருண்டையை மழுங்கிய முனையாக்கினோம். பிடி கொய்யாக் கம்பு, நடுவில் மெலித்தது. தடித்த பிடி அடியின் உணர்வைக் கைக்குச் சொல்லாது. மரச் சுத்தியலும் கொய்யாவில்தான் கடைந்தோம். தோட்டத்தில் சவுக்கு என்று நாங்கள் சொல்லும் கிரெவில்லியா நிழல் மரம் தாராளமாகக் கிடைத்தாலும் அது இதற்கு மென்மை, ஓரம் நார் நாராகப் பிரிந்துவிடும்.

மணல் மூட்டை ஒன்றும் தைத்தோம், லொறித் தார்ப்பாயில், இரட்டைத் தையல். ஆற்று மணலைச் சலித்து, தகரத்தில் போட்டு வறுத்துக் காயவைத்த பிறகே நிரப்பினோம். ஈர மணல் மூட்டையின் மேல் வெற்றுத் தகட்டை ஒரு ராத்திரி வைத்தால் காலையில் துரு பூத்திருக்கும்.

வேலை

முதலில் பெயின்ற். அந்தக் காலத்துப் பெயின்றில் ஈயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. இணைப்புகளிலும் ஈயம் நிரப்புவது அந்நாளைய வழக்கம். காய்ந்த நிலையில் கிரைண்டர் பிடித்தால் தூள் நுரையீரலுக்கும் வீட்டுக்குப் போகும் சட்டைக்கும் ஏறும், சட்டையிலிருந்து பிள்ளைகளுக்கு. நாங்கள் ரிமூவர் பூசிச் சுரண்டி, மிச்சத்தை ஈர எமரியில் எடுத்தோம். கராஜில் வேலை பழகும் பொடியனை முகமூடி இல்லாமல் பாஸ் கிட்டவே விடவில்லை. கழிவை வடிகானில் விடாமல் தகர டின்னில் சேர்த்தோம்.

அடுத்து சக்கர வளைவின் மடிப்பு. ஓரம் சுருண்டு நிற்கும் வரை நடுத்தகடு தன் இடத்துக்கு வராது. கிங்பின்னை உள்ளே பிடித்து, வெளியிலிருந்து சின்ன சின்ன அடிகளாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. இதற்கு மட்டும் ஒரு பகல் போனது, அதற்குத் தகுந்த பலனும் இருந்தது.

பள்ளத்தை எடுப்பதற்கு விதி ஒன்றே: கடைசியாக விழுந்த நெளிவை முதலில் எடு. கல் முதலில் கீறியது ஹெட்லைட் பக்கம், பிறகு பின்னோக்கி இழுத்தது. மேலே எழும்பிய முகடு அதற்குப் பின் வந்தது. ஆகவே முகட்டின் பின் முனையிலிருந்து வேலை தொடங்கியது. மட்கார்டைப் போல்ட்டுகளில் தளர்வாக மாட்டி, பொடியன் உள்ளேயிருந்து பள்ளத்தின் அடியை டொலியால் வெளியே தள்ளிப் பிடிக்க, பாஸ் வெளியே முகட்டின் மேல் ஸ்லாப்பரால் தட்டினார். டொலி ஒரு இடம், அடி வேறு இடம்; இரண்டும் நேருக்கு நேர் சந்திப்பதில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் முகடு கொஞ்சம் இறங்க, பள்ளம் கொஞ்சம் எழும்பியது. இறுகிய கோட்டை யாரும் அடிக்கவில்லை. அதைப் பிடித்து வைத்திருந்த முகடு விலகியதும் தகடு தன் பழைய வடிவை நோக்கித் தானே நகர்ந்தது. 4 சென்ரிமீட்டர் ஆழம் ஒன்றரை ஆனதை நான் பலகையை வைத்துப் பார்த்தேன். அதுவரை பள்ளத்தில் ஒரு தடவைகூடச் சுத்தியல் முகம் படவில்லை.

அதன் பின் மட்கார்டைக் கழற்றி மணல் மூட்டையில் கவிழ்த்து, உள்பக்கத்திலிருந்து மரச் சுத்தியல். பிறகு சம்மட்டி டொலியும் சிறு சுத்தியலும். டொலிக்கு நேர் மேலே அடிக்கும் அடி தகட்டை நசுக்கி நீட்டும் என்பதால் அதைப் பாஸ் மிகக் குறைவாக, இறுகிய கோட்டின் மேல் மட்டும் வைத்துக்கொண்டார். காதால் கேட்டே வித்தியாசம் தெரியும்: டொலி நேராக இருந்தால் கணீர் என்று வரும், விலகியிருந்தால் மொத்தென்று.

கண்ணை நம்பி இந்தக் கட்டத்தைக் கடக்க முடியாது. மார்க்கர் பேனாவால் முழுப் பரப்பையும் கறுப்பாக்கி, நீளப் பலகையில் ஒட்டிய 80 எமரியை ஒரே திசையில் இழுத்தோம். மேடுகள் வெள்ளையாகின்றன, பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கின்றன. நடுவில் நடுவில் பாஸ் மெல்லிய துணியைத் தகட்டில் போட்டு உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஓட்டிப் பார்ப்பார். துணி இருந்தால் தோல் வழுக்கிப் போகும், மில்லிமீட்டரில் ஒரு பங்கும் கைக்குத் தெரியும்.

பின் பகுதியில்தான் சிக்கல் வந்தது. தட்டையான அந்த இடத்தில் தகடு கொஞ்சம் நீண்டுவிட்டிருந்தது. விரலால் அமுக்கினால் டக்கென்று உள்ளே போய், விட்டால் வெளியே வரும். அடித்துத் தீர்க்க முடியாத நோய் இது. அடித்தால் இன்னும் நீளும். சூட்டால் சுருக்க வேண்டும். ஒக்சி அசெட்டலின் டோர்ச்சில் மிகச் சிறிய முனை போட்டு, ஒரு சதக் காசு அகலத்துக்கு மேடான புள்ளியைச் சிவக்க வைத்தேன். சூடான புள்ளி விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. அதனால் அது மேலே எழும்பித் தடிக்கும். பாஸ் அடியில் தண்டவாள டொலியைத் தளர்வாகப் பிடித்து, புள்ளியைச் சுற்றி மூன்று நான்கு மெல்லிய தட்டல். சிவப்பு மறைந்து கறுத்ததும் ஈரத் துணி. ஆறும்போது தடித்த புள்ளி சுற்றியுள்ள தகட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒரு புள்ளி முழுவதும் ஆறி, தகட்டைக் கையால் சோதித்த பிறகுதான் அடுத்தது. அடுத்தடுத்துச் சுட்டால் எது எதை இழுத்தது என்று தெரியாமல் போகும், அளவுக்கு மீறிச் சுருங்கினால் மறுபடி நீட்ட வேண்டியிருக்கும். நிறம் பார்ப்பதற்காக இதைக் கராஜின் உள் நிழலில் செய்தோம். வெளி வெளிச்சத்தில் சிவப்பு தாமதமாகத்தான் கண்ணுக்குத் தெரியும், அதற்குள் தகடு வெந்துவிடும்.

கிரைண்டரில் துருப்பிடிக்காத எஃகுத் தட்டைச் சுழற்றி, உரசல் சூட்டால் சுருக்கும் முறையும் இருக்கிறது. மேடுகளை மட்டும் தானாகவே தேடிச் சூடாக்கும் என்பதால் நல்ல முறைதான். ஆனால் அந்தத் தட்டைச் சமையலறைச் சாப்பாட்டுத் தட்டில் வெட்டிச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். சிறு கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடுகிறது. சமநிலை தப்பிய மெல்லிய தகடு அந்த வேகத்தில் பிய்ந்தால் முன்னால் நிற்பவர் கதி என்ன? வீட்டில் செய்யக்கூடாத கருவி என்று ஒன்றைக் குறிப்பிடச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். கூடவே இன்னொன்று: சுத்தியலைச் சுத்தியலால் அடிக்கக்கூடாது. இறுகிய முகங்கள் மோதினால் சில்லு கண்ணுக்கு வரும்.

அலுமினியத் தகடுள்ள பழைய லேண்ட் ரோவரைத் தோட்டங்களில் நிறையப் பார்க்கலாம். இந்தச் சூட்டு முறையை அதில் அப்படியே செய்யக்கூடாது. அலுமினியம் 660 பாகையில் உருகும், அதற்கு முன் சிவப்புக் காட்டாது. சவர்க்காரம் தேய்த்து, அது கரும்பழுப்பாக மாறும்போது நிறுத்துவது வழக்கம்.

கதவும் மிச்சமும்

கதவின் உள்பலகையைக் கழற்றி, திறப்பு வழியே நீளக் கரண்டியை விட்டோம். முனை சொட்டையின் பின்னால் போய் நின்றது. கரண்டியை உள்சட்டத்தில் ஊன்றி, அந்த ஊன்றும் இடத்தில் மரத்துண்டு வைத்து, மெதுவாக நெம்ப, வெளியே சொட்டையின் விளிம்பைச் சுற்றி ஸ்லாப்பர் தட்டியது. கதவுத் தகடு நீளவில்லை, மடங்கியும் இல்லை. ஆகவே வேகமாகவே வந்துவிட்டது.

தினமும் வேலை முடிந்ததும் வெற்றுத் தகட்டில் மெல்லிய எண்ணெய் துடைத்து வைத்தோம், காலையில் தின்னரால் எடுத்தோம். எங்கள் பனிக்கு ஒரு ராத்திரி போதும், தகடு மஞ்சள் பூக்க. கடைசி எமரி முடிந்த அன்றே, பல்ப் வெளிச்சத்தின் சூட்டில் தகட்டைக் காய வைத்து, உள்ளும் வெளியும் எபொக்சி பிரைமர் அடித்தோம். உள்பக்கத்தை விட்டுவிடுவதுதான் பல கராஜ்களின் பழக்கம். டயர்த் தண்ணீர் அடிப்பது அந்தப் பக்கம்தான்.

பலகைகள் ஐந்தில் நான்கு வெளிச்சம் விடாமல் உட்கார்ந்தன. ஐந்தாவது, ஹெட்லைட் வளையத்துக்குக் கீழே, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு தாழ்வு. உள்ளே லைட் கிண்ணத்தின் ஓரம் மறிப்பதால் டொலிக்கு நேராக இடமில்லை. அங்கே மட்டும், பிரைமருக்கு மேல், மெல்லிய ஒரு பூச்சுப் பட்டி போட்டோம். சேரிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னோம்.

கதவின் அடி ஓரத்தில் வேறொரு விஷயம் தெரிந்தது. நீர் வடியும் துளைகள் மண் அடைத்து, உள்மடிப்பு துருப்பிடித்திருந்தது. கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துளைகளைத் திறந்து, துருவைச் சுரண்டி, இப்போதைக்குத் தடுத்து வைத்திருக்கிறோம். மழை குறையும் மாதங்களில் அந்த அடி ஓரத்தை அறுத்து, புதுத் தகடு மடித்துப் பற்ற வைக்க வேண்டும். ஒரு மீட்டர் நீள மடிப்பு அது. கராஜில் இருக்கும் எந்த டொலியும் அந்த மூலைக்கு நுழையாது. பாஸ் ஏற்கெனவே இன்னொரு ஸ்பிரிங் பட்டையை எடுத்து வைத்துவிட்டார். சேரின் கதவிலிருந்து அளவு எடுத்த பிறகு ஆசாரியிடம் கொண்டுபோவதாக இருக்கிறோம்.